உஷ்ணத்தைக் குறைக்கும் புட்டி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பாதையில் சித்திரை மாதத்து நடுப்பகலில் பிரயாணம் செய்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி புதிதாயிராது. வெள்ளிமலைக்குச் சிமென்டோ, உரமோ, மளிகையோ ஏற்றிக்கொண்டு போகும் சிறு சரக்கு வண்டி ஒன்று வளைவோரத்தில் நிற்கும். நம் ஜனங்கள் ‘குட்டியானை’ என்று செல்லமாக அழைக்கும் வண்டி அது. அதன் வயிற்றிலிருந்து நீராவி சீறிக்கொண்டிருக்கும். டிரைவர் தண்ணீர்க் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்கத் தைரியமின்றி, நிழலில் குந்தியிருப்பார். அன்றைய வாடகையில் பாதி அந்த வளைவிலேயே ஆவியாய்ப் போய்விட்டதென்று அவருக்குத் தெரியும்.

இத்தகைய மனிதரை நோக்கித்தான் அந்தப் புட்டி வருகிறது. உதிரிபாகக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று நிற்கிறது. கைபேசித் திரையில் நிமிஷத்துக்கொரு தரம் தலைகாட்டுகிறது. இஞ்சின் எண்ணெயோடு இதைக் கலந்துவிட்டால் உராய்வு ஒழியும், உஷ்ணம் இறங்கும், எரிபொருள் மிச்சமாகும், இஞ்சின் ஆயுள் இரட்டிக்கும் என்பது அதன் மேலுள்ள வாசகங்களின் சாரம். கிரயம் சில நூறு ரூபாய். பெருங் கம்பெனியின் லாரிப் படைக்கு அது ஒரு பொருட்டன்று. தவணை கட்டி ஒரே வண்டியை ஓட்டுகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. அந்தக் கூலியைக் கேட்கிறவர், தாம் சொல்வதற்கு என்ன ருசு வைத்திருக்கிறார் என்று நாம் கேட்க விரும்புகிறோம்.

முதலில், இஞ்சினில் உஷ்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதில்தான் சாமான்யர்கள் வழி தப்பிப்போகிறார்கள். புட்டிக்காரரும் அந்தத் தப்பிதத்தைத் திருத்துவதில்லை. இரும்பும் இரும்பும் தேய்வதால் இஞ்சின் சுடுகிறது, தேய்மானத்தை நிறுத்தினால் சூடும் நிற்கும் என்பது பொதுவான எண்ணம். உண்மை வேறு. இஞ்சின் என்பது ஓர் அடுப்பு. உள்ளே எரியும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 36 மெகாஜூல் சக்தி வெளிப்படும். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. பாக்கி மூன்றிலிரண்டு பங்கும் வெறும் வெப்பம். இந்த வெப்பத்தைக் கொண்டு 80 லிட்டர் குளத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். மலையேறும் வண்டி ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் இத்தனை வெப்பத்தை எங்காவது தள்ளியாக வேண்டும். பாதிக்குமேல் புகைக்குழாய் வழியே போகிறது. மற்றதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் காற்றில் விடுகிறது.

இதில் உராய்வின் பங்கு என்ன? எரிபொருளின் சக்தி முழுவதையும் 100 ரூபாயாக வைத்துக்கொண்டால், இஞ்சினுக்குள் உராய்வுக்குச் செலவாவது பத்து ரூபாய்க்கு உட்பட்டது. அந்தப் பத்து ரூபாயிலும் கணிசமான பகுதி இரும்போடு இரும்பு உரசுவதால் வருவதன்று. நல்ல நிலையிலுள்ள இஞ்சினில் தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதே அபூர்வம். நடுவே எண்ணெய்ப் படலம் ஓடுகிறது. அந்தப் படலம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு ஆகும் செலவே உராய்வுக் கணக்கில் பெரும்பகுதி. உலோகத்தின் மேல் வழுவழுப்பைப் பூசுவதாகச் சொல்லும் மருந்து எவ்வளவு உத்தமமானதாயினும், உலோகமும் உலோகமும் நிஜமாகவே தொடும் இடங்களில்தான் வேலை செய்ய முடியும். அதாவது, நூறு ரூபாய்க் கணக்கில் ஒன்றிரண்டு ரூபாய் புரளும் மூலையில். அந்த மூலையில் பாதியை மிச்சம் பிடித்தாலும் அடுப்பு அடுப்பாகவே எரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. தண்ணீரால் குளிரவைக்கப்படும் இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கதவு இருக்கிறது. தண்ணீர் 80, 90 டிகிரியை எட்டும்வரை அது மூடியிருந்து, எட்டியபின் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். இஞ்சின் அந்த உஷ்ணத்தில்தான் இயங்க வேண்டுமென்று அதை உண்டாக்கியவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே, புட்டி மருந்து நிஜமாகவே கொஞ்சம் வெப்பத்தைக் குறைத்தாலும், கதவு அதற்குத் தக்கபடி சற்றே சாத்திக்கொள்ளும். முள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒழுங்கான இஞ்சினில் முள் இறங்கிவிட்டதென்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் முள்ளைச் சரியாகப் பார்க்கவில்லை. அல்லது தெர்மோஸ்டாட் கெட்டுத் திறந்தபடியே நிற்கிறது.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அது எண்ணெயின் வழவழப்புக் குறைவைக் காட்டுவதன்று. பெரும்பாலும் தண்ணீர்ப் பாதையில் நேர்ந்த பழுதைக் காட்டுவது. ரேடியேட்டரில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கலாம்; வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றியதால் உள்ளே கல் பிடித்திருக்கலாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், விசிறி சுழலாதிருக்கலாம், தண்ணீர்ப் பம்பு ஒழுகலாம். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் தங்காமற் போயிருக்கலாம். இது மலைப்பாதைக்கு முக்கியம். ஏறக்குறைய ஆயிரம் அடி ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. மூடி நல்லதாயிருந்தால் அந்த நஷ்டத்தைப் போலப் பல மடங்கை அழுத்தமே ஈடுசெய்துவிடும். இவற்றில் எதையும் புட்டி தீர்க்காது. தீர்க்காததோடு நின்றால்கூடப் பாதகமில்லை. மருந்து ஊற்றியாயிற்று என்ற நிம்மதியில் டிரைவர் ஒழுகும் பம்பைப் பார்க்காமல் மறுபடி மலையேறுகிறார். ஹெட் கேஸ்கெட் வெடித்துச் சிலிண்டர் தலை கோணிக்கொள்கிறது. சில நூறு ரூபாயில் தொடங்கிய கணக்கு பல ஆயிரத்தில் முடிகிறது. பட்டறை நடத்துகிற எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

எண்ணெயில் கலக்கும் ரசாயனங்கள் எல்லாமே மோசடி என்று நாம் சொல்வதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். கடையில் வாங்கும் நல்ல இஞ்சின் எண்ணெயிலேயே பத்து முதல் இருபது சதவீதம்வரை இத்தகைய சரக்குகள்தான். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானம், கரியைக் கழுவும் சரக்கு, நுரையடக்கி, சூட்டிலும் நீர்த்துப் போகாமல் காப்பது என்று ஒவ்வொன்றும் அளந்து, ஒன்றோடொன்று முட்டாதபடி சேர்க்கப்பட்டு, மணிக்கணக்கில் இஞ்சினில் ஓட்டிப் பரீட்சிக்கப்பட்ட பிறகே டப்பாவில் தர முத்திரை ஏறுகிறது. எண்ணெய் உஷ்ணத்தைச் சுமந்து செல்வதும் மெய். பிஸ்டனின் அடிப்புறத்தையும் தாங்கிகளையும் குளிரவைப்பது அதுவே. அதனால்தான் அளவு குறையாமலும், சொன்ன தரத்திலும், சொன்ன கெடுவிலும் மாற்ற வேண்டும் என்கிறோம். இப்படிச் சமைத்து வைத்த சாம்பாரில், சமைத்தவரைக் கேளாமல் இன்னொருவர் ஒரு பிடி உப்பைப் போட்டால் ருசி கூடுமென்று எந்த உறுதியில் நம்புவது?

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இதில் தனியான அபாயமும் உண்டு. நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளச்சுத் தட்டுகளும் இஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கின்றன. கிளச்சு பிடிப்பதே உராய்வினால்தான். வழுவழுப்பை அளவுகடந்து கூட்டும் சரக்கை அதில் ஊற்றினால் கிளச்சு வழுக்கும். இஞ்சின் அலறும், சக்கரம் நகராது. ஜப்பானியர் இதற்கென்றே ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற தனித் தரத்தை வகுத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் எண்ணெய் டப்பாவின் பின்புறத்தில் அதைக் காணலாம். இருவர் உட்கார்ந்து, பின்னால் மூட்டையும் கட்டி மலை வளைவில் ஏறுகிற வண்டியில் கிளச்சு வழுக்கினால் என்னவாகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

‘நான் ஊற்றிப் பார்த்தேன், குறைந்தது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் புட்டி வாங்குகிறவர் எப்போது வாங்குகிறார்? வண்டி சுட்டுத் தொல்லை கொடுத்த மறுநாள். அன்றே பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுகிறார், ரேடியேட்டரை நிரப்புகிறார், புழுதியைக் கழுவுகிறார். அடுத்த வாரம் ஒரு மழையும் பெய்கிறது. இத்தனையும் நடந்தபின் வந்த குணத்தைப் புட்டியின் கணக்கில் எழுதுவதைத்தான் நம் முன்னோர் காகதாலீய நியாயம் என்றார்கள். காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் செய்துகாட்டும் ஒரு வித்தையும் உண்டு. சுழலும் வளையத்தின்மேல் ஒரு இரும்புத் துண்டை நெம்புகோலால் அழுத்துகிறார்கள். சாதாரண எண்ணெயில் அது கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. இரண்டு சொட்டு மருந்து விட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் சுழல்கிறது. கூட்டம் கைதட்டுகிறது. ஒரு முனையில் இத்தனை பாரத்தை ஏற்றித் தேய்க்கும் நிலை உங்கள் இஞ்சினின் தாங்கிகளில் இல்லை. அங்கே எண்ணெய் அழுத்தத்தோடு பாய்கிறது. குளோரின் கலந்த சில சரக்குகள் இந்த வித்தையில் அமோகமாய் ஜெயிக்கும். அதே குளோரின் இஞ்சினுக்குள் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவைக்கூட இதே கருவியில் விட்டு ஜெயித்துக் காட்டியவர்கள் உண்டு. அதற்காக யாரும் இஞ்சினில் ஷாம்பு ஊற்றுவதில்லை.

கண்ணால் பார்த்ததும் கையால் தொட்டதும் பரீட்சையாகிவிடாது என்பதைக் கள்ளக்குறிச்சிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்நகரின் கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் நிகழ்ந்ததை யார் மறந்தார்கள்? மெதனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் மூட்டை தூக்கியும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். அந்தத் துயரத்தையும் இந்தச் சில்லறை ஏமாற்றத்தையும் ஒரே தராசில் வைக்கும் உத்தேசம் நமக்கு இல்லை, வைப்பது பாபம். ஆனாலும் அங்கே கற்ற ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. மெதனாலும் எரிசாராயமும் பார்வைக்கு ஒன்றே. நாக்கும் மூக்கும் இரண்டையும் பிரித்தறியா. பிரித்தறிவது பரிசோதனைச் சாலைதான். உள்ளே இருப்பது இன்னதென்று எழுதப்படாத திரவத்தை, ‘எல்லாரும் வாங்குகிறார்கள்’ என்பதொன்றையே அத்தாட்சியாகக் கொண்டு வாங்கும் பழக்கம் எங்கும் நல்லதன்று.

எரிபொருளின் பெயரால் நம் மாகாணம் முழுவதுமே மயங்கிய காலமும் உண்டு. 1996-ல் ராஜபாளையத்தை அடுத்த இடையன்குளத்து இராமர் பிள்ளை, மூலிகையிட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக அறிவித்தார். பத்திரிகைகள் அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடின. நமது தொழிலைச் சேர்ந்தவர்களின் பங்கையும் இங்கே ஒப்புக்கொள்வதே நியாயம். தில்லியிலுள்ள அறிவியல் துறையினரே முதலில் வியந்தனர். கிராமத்து ஏழை கண்டுபிடித்ததை எண்ணெய்க் கம்பெனிகளும் அன்னியரும் நசுக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. சுதேசப் பற்றுள்ள உள்ளங்கள் அதை நம்ப விரும்பின. ஆனால் விஞ்ஞானிகள் தங்கள் பாத்திரத்தில், தங்கள் கோலைக் கொண்டு கலக்கச் சொன்னபோது பெட்ரோல் பிறக்கவில்லை. பின்னர் அவர் விற்ற சரக்கு பெட்ரோலிய ரசாயனங்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது. நம் ஆசையை நம் அறிவுக்கு முன்னால் நடக்கவிட்டதற்கு இருபது வருஷம் பிடித்தது கணக்கு முடிய.

இது நம் நாட்டுக்கே உரிய பேதைமை என்று சிலர் தலைகுனிவார்கள். அவசியமில்லை. அமெரிக்காவில் இதே கதை பல தடவை நடந்திருக்கிறது. அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய வர்த்தகக் கமிஷன், எஸ்.டி.பி. என்ற புகழ்பெற்ற எண்ணெய்ச் சேர்மானத்தின் விளம்பரங்களை எதிர்த்து வழக்காடியதில், 1978-ல் அந்தக் கம்பெனி ஐந்து லட்சம் டாலர் அபராதம் செலுத்தியதோடு, தன் பரிசோதனைகளை நம்பி அவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது என்று பத்திரிகைகளில் தன் செலவிலேயே அறிவிக்கவும் நேர்ந்தது. 1990-களில் ஸ்லிக் 50, தூரா லூப் முதலியவை அதே கமிஷனின் பிடியில் சிக்கின. எல்லா வழக்கிலும் கமிஷன் கேட்ட கேள்வி ஒன்றே: இதைச் சொல்வதற்கு முன் நீ என்ன பரீட்சை செய்தாய்? பொருள் கெட்டது என்று நிரூபிக்கும் பாரத்தை வாங்குகிறவர் தலையில் வைக்கவில்லை; நல்லது என்று நிரூபிக்கும் பாரத்தை விற்கிறவர் தலையில் வைத்தது.

இதற்கு முன்பே, 1953-ல், இன்னும் விசித்திரமான ஒரு சம்பவம். பாட்டரிக்குள் போட்டால் அது புத்துயிர் பெறுமென்று ஏ.டி.எக்ஸ். 2 என்ற பொடி ஒன்று விற்பனையாயிற்று. அரசாங்கத்தின் தரநிர்ணய ஆய்வகம் சோதித்து, பயனில்லை என்றது. வியாபாரி அரசியல்வாதிகளிடம் முறையிட்டார். புதிதாய்ப் பதவியேற்றிருந்த வர்த்தக மந்திரி சின்க்ளேர் வீக்ஸ், சந்தையில் ஜனங்கள் வாங்குவதையும் ஆய்வகம் மதிக்க வேண்டும் என்ற தோரணையில் பேசி, ஆய்வகத் தலைவர் ஆலன் ஆஸ்டினை ராஜினாமா செய்யச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தனர், பலர் தாங்களும் விலகுவதாகச் சொன்னார்கள். மந்திரி பின்வாங்கினார், ஆஸ்டின் பதவியில் நிலைத்தார். தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து, ஆய்வகம் சொன்னதே சரி என்று அவ்வருஷமே தீர்ப்பளித்தது. ஒரு பொடிக்கு வக்காலத்து வாங்கப்போய் ஒரு மந்திரி நாடு சிரிக்க நின்றார். சந்தையில் விலைபோவதும் சாஸ்திரத்தில் நிலைபெறுவதும் வெவ்வேறு என்பதை உணர்ந்த உத்தியோகஸ்தர் ஒருவர் அங்கே இருந்தார். அவரைத் தாங்கச் சக உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லும் மாய மருந்து விளம்பரங்களை அடக்க 1954-லேயே சட்டம் செய்தோம். மனிதனின் ஜுரத்துக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு இஞ்சினின் ஜுரத்துக்கு இல்லாதிருந்தது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் குறையையும் நீக்கியது. தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரம் எதுவானாலும், அதற்கென 2020-ல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை நிறுத்தலாம். பத்து லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம். பரீட்சிக்க இடமும் இருக்கிறது. புனாவில் மோட்டார் ஆராய்ச்சிக்கென்றே ஒரு கழகம் உண்டு. டேராடூனில் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இஞ்சினை மேடையில் நிறுத்தி, ஒரே பாரத்தில், ஒரே வேகத்தில், மருந்தோடும் மருந்தின்றியும் ஓட்டி எண்ணெயின் உஷ்ணத்தை அளப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

பரீட்சைக்குச் செலவாகுமே, சிறு வியாபாரி என்ன செய்வார் என்று கேட்கலாம். கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் செய்யப் பணம் கிடைக்கிறவர்களுக்குப் பரீட்சைக்குப் பணம் கிடைக்காதா? நிஜமாகவே சிறியவராயிருந்து, நிஜமாகவே ஒரு நல்ல சரக்கைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருப்பாரானால், அவருக்குச் சர்க்காரே இலவசமாய்ப் பரீட்சித்துக் கொடுக்கட்டும், நாம் ஆட்சேபிக்கமாட்டோம். உராய்வைக் குறைக்கும் மெல்லிய எண்ணெய்களால் எரிபொருளில் ஓரிரு சதவீதம் மிச்சப்படுவது அளந்து காட்டப்பட்ட உண்மை. அந்த ஓரிரு சதவீதத்தை எட்டவே பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் பல வருஷம் உழைத்தன. இருபது, முப்பது சதவீதம் என்று புட்டியில் அச்சடிப்பதற்கு ஒரு அச்சுக்கூடம் போதும்.

ஆகவே ஆணையம் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. இஞ்சின் உஷ்ணத்தைக் குறைப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு சரக்கின் உற்பத்தியாளருக்கும் ஒரு கடிதம் போகட்டும். புட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்த இஞ்சினில் எங்கே யார் பரீட்சித்தார்கள், எத்தனை டிகிரி இறங்கிற்று என்று கேட்கட்டும். வந்த பதிலை அப்படியே தமிழிலும் மற்றப் பாஷைகளிலும் வெளியிடட்டும். பதில் வராத சரக்கின் விளம்பரம் நிற்கட்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம்.

ஆணையம் தூங்குமாயின் அதை எழுப்பும் வேலை மோட்டார்த் தொழிலாளர் சங்கங்களுடையது. கூலி உயர்வுக்கும் டீசல் விலைக்கும் கூடுகிற கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்த்துக்கொள்ளலாம். புகார் கொடுப்பதற்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கையில் புட்டியின் ரசீது இருந்தால் போதும். அதுவரையில் வெள்ளிமலைக்கு ஏறுகிற டிரைவர் நண்பர், அந்தச் சில நூறு ரூபாயில் ஒரு நல்ல ரேடியேட்டர் மூடியும் ஒரு பெல்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, குளிர்நீரையும் மாற்றி வைப்பாராக. வண்டி வளைவில் நின்றுவிட்டால், இஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.